மருந்தும் நிற்கக் கூடாது, மலமும் நிற்கக் கூடாது

மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிப் போயும் ரத்த அழுத்தம் இறங்காத பெரியவரிடம், "ஐயா, மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டால், "போடுறேனே டாக்டர்" என்றுதான் சொல்வார். பக்கத்தில் நிற்கும் மனைவிக்குப் பொறுக்காது. "எங்க போடுறார்? போட்டா நாலு நாளைக்கு வெளிக்குப் போக மாட்டேங்குதுன்னு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முழுங்குறார். அட்டையில பாதி அப்படியே கிடக்கு." பெரியவர் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஆள் மாறும், மாத்திரை மாறும், இந்தக் கதை மட்டும் மாறாது. ஒருவருக்கு பிரஷர் மாத்திரை, இன்னொருவருக்கு மனநல மருந்து, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து, புற்றுநோய்க்காரருக்கு வலி மருந்து.

தலை சுற்றினால் சொல்கிறார்கள். கால் வீங்கினால் வேட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். மலச்சிக்கலை மட்டும் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது டாக்டரும் அதைக் கேட்பதில்லை. கடைசியில் நோயாளியே தனக்குத் தோன்றியபடி அளவைக் குறைத்துக்கொள்கிறார். ஆபத்து இங்கேதான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்ப வரும். பார்க்கின்சன் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டிவரலாம். சில பிரஷர் மாத்திரைகளை ஒரே நாளில் விட்டால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும். மலச்சிக்கலுக்கு வழி உண்டு. பெரும்பாலும் மருந்தை விடாமலேயே உண்டு. அந்த வழி என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு வந்திருப்பது மலச்சிக்கல்தானா என்று பாருங்கள். தினமும் காலையில் போயே ஆக வேண்டும் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். உண்மையில் ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும் இயல்புதான். எண்ணிக்கையைவிட மலத்தின் தன்மைதான் முக்கியம். 1997-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து ஒரு படம் வெளியிட்டார்கள்; இன்றும் உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். ஆட்டுப்புழுக்கை போல உருண்டை உருண்டையாக வந்தால் முதல் வகை. உருண்டைகள் ஒட்டிக் கட்டியாக வந்தால் இரண்டாம் வகை. இந்த இரண்டும்தான் மலச்சிக்கல். மூன்றும் நான்கும் நல்லவை. இரண்டு நாளுக்கு ஒருமுறை போனாலும் முக்காமல், மென்மையாக, 'முழுசா போச்சு' என்ற நிறைவோடு போனால் கவலை வேண்டாம். தினமும் போகிறவராக இருந்தும் கண்ணில் நீர் வர முக்க வேண்டியிருக்கிறது என்றால் அது மலச்சிக்கல்தான்.

எந்த மாத்திரை, எப்படி?

பெருங்குடலுக்கு இரண்டு வேலை. வந்து சேரும் கூழைத் தள்ளிக்கொண்டே போவது ஒன்று, போகிற வழியில் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சுவது இன்னொன்று. தள்ளும் வேகம் குறைந்தால் உறிஞ்சும் நேரம் கூடும், மலம் இறுகும். மலச்சிக்கல் தரும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்த வேகத்தில்தான் கை வைக்கின்றன.

முதலிடம் மார்பின் வகை வலி மருந்துகளுக்கு. மார்பின், ஃபென்டனில் பட்டை, டேபென்டடால், நம் ஊரில் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் தாராளமாக எழுதப்படும் டிரமடால், இருமல் மருந்தில் கலந்து வரும் கோடீன் எல்லாம் இந்தக் குடும்பம். மூளையில் வலியை அடக்கும் அதே வகை ஏற்பிகள் குடல் சுவரிலும் இருக்கின்றன. மருந்து அங்கேயும் போய் ஒட்டிக்கொண்டு குடலின் அசைவை அடக்கிவிடுகிறது. இந்த மருந்துகள் முதலில் தரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் உடம்புக்குப் பழகிப்போகும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதனால்தான் வலி நிவாரண மருத்துவர்கள் மார்பினை எழுதும் அதே சீட்டில், அதே நாளில், மலமிளக்கியையும் எழுதுகிறார்கள். உங்கள் சீட்டில் அது இல்லையென்றால், "இதுக்கு மோஷன் மாத்திரையும் சேர்த்து எழுதுங்க" என்று கேட்டு வாங்குங்கள். வயிறு இறுகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது இந்த ஒரு மருந்துக் குடும்பத்துக்குக் கட்டோடு பொருந்தாது.

அடுத்தது, குடல் நரம்புகளின் செய்தியை மறிக்கும் மருந்துகள். இவற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு: வாய் வறளும், பார்வை கொஞ்சம் மங்கும், சிறுநீர் தயங்கித் தயங்கி வரும், கூடவே மலமும் தயங்கும். நரம்புவலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், மனநல மருந்துகளோடு சேர்த்துத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், அடிக்கடி சிறுநீர் வருவதைக் குறைக்கும் ஆக்ஸிபியூட்டினின், அரிப்புக்கும் சளிக்கும் போடும் பழைய ரக மாத்திரைகள், வயிற்றுவலி என்றதும் மருந்துக்கடையில் தரும் டைசைக்ளோமின் எல்லாம் இதில் சேரும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஒரே ஆள் மூன்றைச் சேர்த்து விழுங்கும்போதுதான் குடல் படுத்துவிடுகிறது. மனநல மருத்துவர் ஒன்று, சிறுநீரகத்துக்குப் பார்க்கிறவர் ஒன்று, தெருமுனை மருந்துக்கடை ஒன்று என்று எழுதியிருப்பார்கள். யாருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. வயதானவர்களின் மலச்சிக்கலில் பாதி மர்மம் இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மனநல மருந்துகளில் க்ளோசபினை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு எதற்கும் அடங்காத மனச்சிதைவு நோய்க்கு அது அருமையான மருந்து. ஆனால் அது குடலை அடியோடு நிறுத்தி, அடைப்பாகி, உயிரே போன நிகழ்வுகள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் இதற்கென்றே தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. க்ளோசபின் சாப்பிடுகிறவர் தன் வயிற்றைப் பற்றித் தானாக வாய் திறந்து சொல்லமாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்தான், "இன்னைக்குப் போனியாப்பா?" என்று கேட்டுக் காலண்டரில் ஒரு கோடு போட்டுவர வேண்டும். மூன்று நாள் கோடு விழவில்லையென்றால் அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை கர்ப்பிணிகளின் தொல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும்; 180 நாள் சாப்பிடச் சொல்வார்கள். கர்ப்பகால ஹார்மோனே குடலை மந்தமாக்கும். அதோடு இரும்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் தனி. மாத்திரை சாப்பிடும்வரை கருப்பு நிறம் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு வந்தால் அது வேறு. உடனே காட்ட வேண்டும். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நர்ஸம்மாவிடம் சொன்னால் நேரத்தை மாற்றலாம், வேறு வகை இரும்பு தரலாம், தேவைப்பட்டால் ஊசி வழியாகவும் ஏற்றலாம். கர்ப்பிணி அல்லாத ரத்தசோகைக்காரர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலே உடம்பு இரும்பை நன்றாக எடுத்துக்கொள்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன, தொல்லையும் குறைகிறது. ஆனால் அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாத்திரைகளில் வெரபமில் பெயர்போன குற்றவாளி. அதே குடும்பத்து அம்லோடிபின் அவ்வளவு மோசமில்லை. நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் உடம்பின் தண்ணீரையும் பொட்டாசியத்தையும் இழக்கச் செய்து மலத்தை இறுக்கும். எலும்புக்குத் தரும் கால்சியம் கார்பனேட், அலுமினியம் கலந்த ஆன்டாசிட், சிறுநீரகக்காரர்களுக்குப் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத் தரும் செவலமர், வாந்திக்குத் தரும் ஒன்டன்செட்ரான், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் இப்போது பிரபலமாகிவரும் செமாக்ளூடைட் ஊசி எல்லாம் பட்டியலில் உண்டு. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மேல் பழி போடுகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் வயிற்றைக் கலக்குமே தவிரக் கட்டாது.

எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடவும் கூடாது. தைராய்டு குறைவும், நீண்டகாலச் சர்க்கரை நோயும் தாமாகவே மலச்சிக்கல் தரும். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குடல் மந்தமாகிவிடுவது உண்டு. 1817-இல் அந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே நோயாளிகளின் மலச்சிக்கலைக் குறித்திருக்கிறார். ஆகவே தேதிதான் சாட்சி. மாத்திரை தொடங்கிய தேதியையும் வயிறு இறுகத் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாத்திரைக்கு முன்பே சிக்கல் இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

"மோஷன் சரியா இல்ல டாக்டர்" என்று சொன்னால் அதற்குப் பல அர்த்தம் உண்டு. பேதி என்றும் எடுத்துக்கொள்ளலாம். "இந்த மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல வயிறு இறுகிடுச்சு, இப்ப நாலு நாளுக்கு ஒருதடவை, புழுக்கை மாதிரி வருது, ரத்தம் இல்ல" என்று சொன்னால் வேலை பாதி முடிந்தது. வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், பக்கத்து வீட்டம்மா சொல்லி வாங்கியதையும், நாட்டு மருந்துக்கடைச் சூரணத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் கொட்டுங்கள். எதைச் சாப்பிடுகிறோம் என்று வாயால் சொல்லும் பட்டியல் எப்போதும் குறைபட்டதுதான்.

பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மருந்துக்குப் பதில் வயிற்றைக் கட்டாத வேறொன்று உண்டா? அளவையோ நேரத்தையோ மாற்றலாமா? மாற்ற முடியாதென்றால் கூடவே எந்த மலமிளக்கியைத் தினமும் எடுக்கலாம்? மூன்றாவது கேள்விக்குப் பலர் தயங்குகிறார்கள். "மருந்துக்கு மருந்தா?" என்கிறார்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் தினமும் போடத் தயங்காதவர்கள், வயிற்றுக்குப் போடுவதை மட்டும் பலவீனமாக நினைப்பது எனக்கு விளங்கியதேயில்லை. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களிடமும் இதைச் சொல்லலாம். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் அடக்கம். வருகிற நர்ஸம்மாவுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

எந்தச் சிக்கலுக்கு எந்த மருந்து?

மலச்சிக்கல் என்றதும் நம் வீடுகளில் கை போவது இசப்கோல் டப்பாவுக்கு. நல்ல பொருள்தான். உமி தண்ணீரை உறிஞ்சி உப்பி, மலத்துக்குக் கனம் கொடுத்து, குடலைத் தூண்டும். ஆனால் குடல் தள்ளும் தெம்போடு இருந்தால்தான் இந்தக் கனம் உதவும். மார்பின் குடும்ப மருந்து குடலை முடக்கியிருக்கும்போது இசப்கோலைப் போட்டால் ஏற்கெனவே நிற்கும் வரிசையில் இன்னும் ஆளைச் சேர்த்த கதைதான். உப்பி, கட்டியாகி, அடைப்பே வரலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவருக்கும், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கும் இது வேண்டாம். மற்றவர்கள் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, அது கெட்டியாகும் முன்பே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும். குடித்த கையோடு படுக்கக் கூடாது. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: இது மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மற்ற மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

மருந்தால் வரும் மலச்சிக்கலுக்கு நான் அதிகம் நம்புவது இரண்டு வகை. ஒன்று, குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைப்பவை. லாக்டுலோஸ் பாகு, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி இரண்டும் இதில் வரும். லாக்டுலோஸ் இனிக்கும், சிலருக்கு வயிறு உப்பும், வாயு பிரியும். பொடியை ஒரு வேளைக்கு 17 கிராம் வீதம் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். ருசி ஏதும் தெரியாது, பாகைவிட வாயுத் தொல்லை குறைவு. இரண்டுமே வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் எடுக்கும். இரவு குடித்துவிட்டுக் காலையில் போகவில்லை என்று பாட்டிலைத் தூக்கி எறிகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று, குடலையே உசுப்பிவிடும் வகை. பிசாகோடைல் மாத்திரையும் சென்னா மாத்திரையும். இரவு படுக்கும் முன் போட்டால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில், அதாவது காலையில், வேலையைக் காட்டும். பிசாகோடைலைக் கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். பாலோடும் ஆன்டாசிடோடும் சேர்க்கக் கூடாது. மேல்பூச்சு வயிற்றிலேயே கரைந்து சுருட்டிப் பிடிக்கும். இரவு பால் குடிக்கும் வழக்கமுள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

சென்னா நம் தெற்கத்திச் சரக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் விளையும் நிலாவாரை இலைதான் உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் விலைபோகிறது. அதன் சாரம் சிறுகுடலில் சும்மா கிடந்து, பெருங்குடலுக்குப் போனபின் அங்கிருக்கும் கிருமிகள் உடைத்த பிறகே வேலையைத் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் இதே இலை சூரணமாகக் கிடைக்கும். ஆனால் ஸ்பூன் கணக்கில் எவ்வளவு சாரம் போகிறது என்று தெரியாது. ஒருநாள் ஒன்றும் நடக்காது, மறுநாள் பத்துத் தடவை ஓட விடும். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவு குறிப்பிட்ட மாத்திரையே நல்லது.

"இதையெல்லாம் சாப்பிட்டா குடல் சோம்பேறி ஆயிடுமே, அப்புறம் அது இல்லாமப் போகவே போகாதே" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. சொன்ன அளவில் எடுத்தால் அந்தப் பயத்துக்கு நல்ல ஆதாரம் இல்லை. மலமிளக்கியை விட்டதும் மறுபடி இறுகுகிறது என்றால், சிக்கலைத் தரும் மாத்திரை இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அளவு மீறினால்தான் வினை: வயிற்றோட்டமாகி உடம்பின் பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரையும் டிகாக்ஸினும் சாப்பிடும் இதய நோயாளிக்கு அது துடிப்பையே குழப்பிவிடும்.

யாருக்கு எது ஆகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மக்னீசியம் கலந்த பால் போன்ற மருந்தும், கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து. திரவ பாரஃபின் படுத்தே இருப்பவர்களுக்குக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். விளக்கெண்ணெய் நம் பாட்டிமார் காலத்துப் பேதி மருந்து. வருஷத்துக்கு ஒருநாள் வயிறு கழுவக் கொடுத்த பொருளை வாரா வாரம் வயதானவருக்கு ஊற்றுவது தப்பு. குடலை முறுக்கி, நீரை வற்றவைத்து, அன்றைக்குச் சாப்பிட்ட மாத்திரையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். கர்ப்பிணிக்கு அறவே கூடாது.

தண்ணீரும் பழமும் எல்லோருக்கும் பொருந்துமா?

"தண்ணி நிறையக் குடிங்க, பழம் சாப்பிடுங்க" என்பது யாரும் யாருக்கும் சொல்லும் புத்திமதி. உடம்பு நன்றாக இருப்பவருக்குச் சரி. இதயம் பலவீனமாகி, நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று சொல்லப்பட்டவருக்கு இது மூச்சுத்திணறலை வாங்கிக் கொடுக்கும் யோசனை. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வாழைப்பழமும் கீரையும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். இவர்கள் உணவில் கை வைக்காமல் மலமிளக்கிக்கே போவதுதான் சரி. எது என்பதை அவர்களுடைய மருத்துவரே சொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் கொய்யா, பப்பாளி, வாழைத்தண்டு, அவரை, கீரைத்தண்டு, தோலோடு முளைகட்டிய பயறு என்று நாளுக்கு இரண்டு முறையாவது நாரைச் சேர்க்கலாம். ஒரே நாளில் கூட்டாமல் வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். ராத்திரி இரண்டு பூவன் பழம் போதும் என்று நினைப்பவர்களுக்கு: அது பழம், நல்லது, மருந்து அல்ல.

நேரம் ஒன்று உண்டு. எதையாவது சாப்பிட்டதும், அதுவும் காலையில், பெருங்குடல் தானாக ஒருமுறை சுருங்கித் தள்ளும். காலைச் சாப்பாடும் சூடான காப்பியும் முடிந்த அரை மணிக்குள் போய் உட்காருங்கள். அவசரம் வராவிட்டாலும் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வாருங்கள், தினமும் அதே நேரத்தில். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அந்த உந்துதலை அடக்கிக்கொள்கிறவருக்கு அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து செல்போனை உருட்டிக்கொண்டு அரை மணி முக்கினால் மூலம்தான் மிச்சம்.

முழங்கால் அறுவை செய்துகொண்டு மேற்கத்திய கழிப்பறைக்கு மாறிய பிறகு சிக்கல் கூடியது என்று பலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. குத்துக்காலிட்டு உட்காரும்போது மலக்குடல் நேராகிறது; நாற்காலி போல உட்காரும்போது அங்கே ஒரு வளைவு விழுகிறது. கால்களுக்கு அடியில் ஒரு மணைக்கட்டையோ சின்ன முக்காலியோ போட்டு, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்து பாருங்கள். மூட்டு மாற்றியவர்கள் எவ்வளவு மடக்கலாம் என்று அறுவை செய்த மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, உயரம் குறைந்த மணையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கையில் இருப்பவருக்குத் திடீரென்று பேதியா?

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள் போனில் சொல்வார்: "ஒரு வாரமாப் போகவே இல்ல டாக்டர். நேத்துலருந்து தண்ணி தண்ணியாக் கசிஞ்சுக்கிட்டே இருக்கு, துணி மாத்தி முடியல. மெடிக்கல்ல பேதி நிக்கிற மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கேன்." பெரும்பாலும் இது பேதியே அல்ல. மலக்குடலில் கல்லாக இறுகி நிற்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலிருக்கும் நீர்மலம் வழிகிறது. நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு முற்றும். நாட்கணக்கில் போகாமல் இருந்துவிட்டு, அளவு குறைவாக, கட்டுப்பாடில்லாமல் கசிந்தால் இதைச் சந்தேகியுங்கள். கூடவே சிறுநீர் நின்றுபோவதும், முதியவர் திடீரென்று ஆளைத் தெரியாமல் உளறுவதும் உண்டு. நர்ஸ் உறை போட்டு விரலால் சோதித்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கிளிசரின் குச்சி, எனிமா, தேவைப்பட்டால் கையால் எடுப்பது என்று படிப்படியாக அகற்றிய பிறகே வாய்வழி மலமிளக்கியைத் தொடங்குவார்கள். வீட்டில் நீங்களே கையால் எடுக்க முயலாதீர்கள்; புண்ணாகி ரத்தம் வரும்.

சில அறிகுறிகள் வந்தால் மலமிளக்கி கொடுத்துப் பார்க்கக்கூடக் கூடாது. வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலி, வலியோடு காய்ச்சல், மலத்தோடு நிறைய ரத்தம், க்ளோசபின் சாப்பிடுகிறவருக்கு வயிற்று வீக்கம், இவையும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. எடை தானாகக் குறைந்துகொண்டே வருவதும், ஐம்பது வயதுக்கு மேல் காரணம் புரியாமல் மலப் பழக்கம் மாறுவதும் அவ்வளவு அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரையின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் குடல் புற்றுநோய் கண்ணில் படாமல் போகும். அடைப்புச் சந்தேகமென்றால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புறப்படும்போது அந்த மஞ்சப்பையையும், கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று கோடு போட்ட காலண்டர் தாளையும் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்கும் கேள்விகளுக்கான பதில் அந்த இரண்டிலும்தான் இருக்கும்.